வீடு வாங்கப் போகும் தொழிலாளிக்கு வழக்கறிஞர் எதற்கு?

(கிளைச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

தொழிலாளர் கூட்டத்திலே ஒரு கிராணியை அழைத்துப் பேசச் சொல்வது சிலருக்குப் புதுமையாகப் படலாம். "செக்ரோலில் பெயரை வெட்டுகிறவர் ஆயிற்றே, இன்றைக்கு என்ன வெட்டப் போகிறார்?" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. (சிரிப்பு.) நான் கிராணிமார் சங்கத்தைச் சேர்ந்தவன்தான். ஆனால் பிறந்தது லயத்தில். படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். என்னைப் பெற்றவர்கள் இருவரும் பால் வெட்டித்தான் என்னை ஆளாக்கினார்கள். ஆகவே உங்கள் பிள்ளை பேசுவதாக எண்ணிக் கேளுங்கள்.

சம்பளத்தைப் பற்றிப் பேசத் தலைவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வீட்டைப் பற்றி. வீட்டைப் பற்றி என்றால் அதன் சுவரையும் கூரையையும் பற்றியல்ல. அந்த வீட்டை நம் பெயருக்கு மாற்றித் தரும் வழக்கறிஞரைப் பற்றி.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். நாம் குடியிருக்கும் லயத்து வீடு நம்முடையதா? 1990ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், முதலாளி கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும்; அந்த வீட்டை நமக்குச் சொந்தமாக்காது. வேலை நின்றால் வீடும் நின்றது. முப்பது ஆண்டு வாசலில் கோலம் போட்ட தாய்க்கு அந்த வாசலில் ஓர் அங்குலமும் உரிமையில்லை. ஆதலால் சேமநிதிப் பணம் கைக்கு வரும் வயதில், நம்மவர் பட்டணத்து ஓரத்துத் தாமானில் ஒரு வீடு பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வீட்டைப் பத்து தடவை பார்க்கிற நம்மவர், வழக்கறிஞரை ஒரு தடவையாவது பார்க்கிறார்களா?

என் வீட்டுக் கதையையே சொல்லுகிறேன்.

நான் தட்டெழுத்து அடித்த நோட்டீஸ்

2012ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்து மூன்று. தோட்ட ஆபீசில் சின்னக் கிராணியாகச் சேர்ந்த புதிது. என் தகப்பனாருக்கு ஜூன் மாதத்தோடு ஐம்பத்தைந்து முடிந்து வேலை ஓய்வு. அதற்கு முன்பே வீடு ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று பட்டணத்துப் பக்கம் ஒற்றை மாடி வீடு பார்த்தோம். விலை 85,000 வெள்ளி. அப்பாவும் நானும் கூட்டாக வாங்குவது; பேங்குக் கடன் 60,000; பத்து விழுக்காடு முன்பணம் 8,500 ரொக்கம்; மீதம் 16,500 அப்பாவின் சேமநிதி. கணக்கு எல்லாம் சரி. நான் கிராணி அல்லவா, கணக்கில் தவறு விடுவேனா?

வீட்டைக் காட்டிய தரகர் சொன்னார்: "லாயர் நம்ம ஆள்தான். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அவரே பார்த்துக்கொள்வார். உங்களுக்குச் செலவு பாதி." செலவு பாதி என்றால் யாருக்குத்தான் வாய் இனிக்காது? அந்த வழக்கறிஞரின் ஆபீஸ் நாலு மணி நேரம் பஸ் ஏறிப் போக வேண்டிய ஊரில் இருந்தது. அவரை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அவருடைய குமாஸ்தா ஒருவர் தரகரின் காரில் வந்து, ஒரு காப்பிக் கடை மேசையில் பத்திரங்களை விரித்தார். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் அப்பா கையெழுத்திட்டார். நானும் இட்டேன். அது மார்ச் மாதத்து நடு.

ஒப்பந்தப்படி மூன்று மாதத்தில் பாக்கிப் பணம் 76,500 வெள்ளியைக் கட்டித் தீர வேண்டும். தவறினால் ஒரு மாதம் தவணை. அதற்கு ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டி. மே மாதம் வரை ஒரு சத்தமும் இல்லை. பேங்குக்கு ஓடினேன். "பேப்பர் இன்னும் வரவில்லை" என்றார்கள். வழக்கறிஞர் ஆபீசுக்குத் தொலைபேசி போட்டால், "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ, எங்களை இல்லை. (சிரிப்பு.)

கடைசியில் எங்கள் ஊர் நில அலுவலகத்துக்கு எதிரே, மளிகைக் கடை மாடியில் இருந்த ஒரு வழக்கறிஞர் அம்மையாரிடம் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கிராண்டு நகலைக் கேட்டார். அதில் மலாயில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். "தம்பி, இது குத்தகை நிலம். மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று இங்கேயே எழுதியிருக்கிறது. அனுமதிக்கு மனுப் போட்டார்களா?" என்றார். போடவில்லை. பிறகு ஒப்பந்தத்தைப் புரட்டினார். "மூன்று மாதம் என்பதை அனுமதி கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். இதில் கையெழுத்திட்ட நாளிலிருந்து என்று போட்டிருக்கிறது. அந்த ஒரு வரி உங்களைத் தின்றுவிடும்" என்றார்.

அப்படியே தின்றது. நான் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான், மே மாதத்தில் மனுப் போனது. நவம்பரில் அனுமதி வந்தது. விற்றவர் நினைத்திருந்தால் ஒப்பந்தத்தை முறித்து எங்கள் 8,500 வெள்ளியையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவர் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் வட்டியை விடவில்லை. மாதத்துக்கு 510 வெள்ளி. ஜூன் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஏழு மாதம், 3,570 வெள்ளி. அம்மாவின் சங்கிலி போயிற்று.

அது போகட்டும், தோழர்களே. பணம் போனால் சம்பாதிக்கலாம். ஜூலை மாதம் ஒரு நாள் காலையில், ஓய்வு பெற்றவர்கள் முப்பது நாளில் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீசைத் தட்டெழுத்து அடிக்கும்படி என் மேசைக்குக் கட்டளை வந்தது. பட்டியலில் நான்கு பெயர்கள். மூன்றாவது பெயர் என் தகப்பனாருடையது. நானே அடித்தேன். நானே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வெற்றிலை இருக்கிறதா பார்" என்று அம்மாவைக் கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்டு மாதம் சாமான்களை லாரியில் ஏற்றினோம். ஜனவரி இறுதியில் சாவி கைக்கு வரும் வரையில், ஐந்து மாதத்துக்கு மேல், அத்தை வீட்டுப் பின்கட்டில் நால்வரும் ஓர் அறையில் கிடந்தோம்.

வழக்கறிஞர் கட்டணத்தில் பாதி மிச்சம் பிடிக்கப் போய் நாங்கள் கண்ட மிச்சம் இதுதான்.

உள்ளூர் வழக்கறிஞர் என்பது ஏன்?

நிற்க. உள்ளூர்க்காரர் என்பதற்காக ஒருவர் நல்லவராகிவிட மாட்டார். தூரத்து ஊர்க்காரர் என்பதற்காகக் கெட்டவராகவும் மாட்டார். ஆனால் நம் நாட்டில் நிலம் என்பது மாநில அரசின் அதிகாரத்தில் உள்ள பொருள். தீபகற்ப மலேசியா முழுவதற்கும் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் ஒன்றுதான். 1966 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் அனுமதி கொடுப்பது அந்தந்த மாநிலம்; பதிவு செய்வது மாவட்ட நில அலுவலகம் அல்லது மாநில நிலப் பதிவகம். எந்த மனுவுக்கு என்ன தாள் சேர்க்க வேண்டும், எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதெல்லாம் அந்த வாசற்படியில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவருக்குத் தெரியும். எந்தத் தாமானில் வீட்டைக் கட்டியவர் தனித்தனிக் கிராண்டு எடுத்துக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறார் என்பதும் உள்ளூர்க்காரருக்குத் தெரியும்.

இன்னொன்று, நம்முடைய வசதி. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு கேள்வி கேட்டு வர நம்மால் முடியுமா? முடியாது. முடியாது என்பது அந்த வழக்கறிஞருக்கும் தெரியும். பால் வெட்டி முடித்து மோட்டார் சைக்கிளில் போய், "ஐயா, என் பேப்பர் என்ன ஆயிற்று?" என்று நேரில் கேட்கக்கூடிய தூரத்தில் அவர் இருந்தால், நம் கோப்பு மேசையின் அடியில் கிடக்காது.

வழக்கறிஞர் செய்ய வேண்டிய வேலை என்ன?

கூலியைப் பேசுமுன் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

முதலாவது, கிராண்டைத் தேடிப் பார்ப்பது. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடினால், நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பேங்குக்கு அடமானம், யாராவது கேவியட் என்ற தடை போட்டிருக்கிறார்களா, சொந்த நிலமா, குத்தகை நிலமா, குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்பதெல்லாம் தெரியும். விற்கிறவர் காட்டுகிற பழைய நகலை நம்பக் கூடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, பாக்கிப் பணம் கட்டுமுன் மறுபடி ஒரு தடவை தேடச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கிராண்டில் "செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்" என்று ஒரு பகுதி இருக்கும். நிலத்தின் மேலுள்ள கட்டுப்பாடு அங்கேதான் எழுதியிருக்கும். எங்களைக் கவிழ்த்த வரி அங்கே இருந்ததுதான். நிலம் மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலமா என்பதையும் கிராண்டில் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால், வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நம் பெயருக்கு மாற்ற முடியாது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகரிடமிருந்து காத தூரம் ஓடுங்கள்.

மூன்றாவது, விற்கிறவர் உண்மையான சொந்தக்காரர்தானா என்று உறுதி செய்வது. இது சின்ன விஷயம் அல்ல. பினாங்கில் ஒரு நிலத்தைச் சொந்தக்காரி போல் கையெழுத்திட்டு வேறு யாரோ விற்றுவிட்டார்கள். வழக்கு மேலே போயிற்று. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், ஏமாந்து வாங்கியவருக்கே நிலம் என்று தீர்ப்பளித்தது. உண்மையான சொந்தக்காரருக்கு நிலம் போயிற்று. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், வேறொரு வழக்கிலே, அதே நீதிமன்றம் பழைய தீர்ப்பு தவறென்று தள்ளிவிட்டது. இப்போது கள்ளக் கையெழுத்துக்காரனிடமிருந்து நேராக வாங்குகிறவர் எவ்வளவு நல்ல மனத்தோடு வாங்கியிருந்தாலும் நிலம் அவருக்கு நிலைக்காது. சொந்தக்காரருக்கு அது நியாயம். ஆனால் வாங்குகிற நாம் கொடுத்த பணம்? கள்ளனைத் தேடித்தான் வாங்க வேண்டும். ஆகவே விற்கிறவரை நேரில் பார்த்து, அடையாளக் கார்டைச் சரிபார்த்து, தம் கண் முன்னே கையெழுத்து வாங்கும் வழக்கறிஞர்தான் நமக்கு வேண்டும். காப்பிக் கடை மேசையில் குமாஸ்தாவை விட்டுக் கையெழுத்து வாங்குகிறவர் நம்மை மட்டுமா ஏமாற்றுகிறார்? சட்டத்தையே ஏமாற்றுகிறார்.

நான்காவது, ஒப்பந்தம் எழுதுவது, பெயர் மாற்றும் பாரத்தைச் சமர்ப்பிப்பது, இடையில் வேறு யாரும் புகாதபடி தேவையானால் கேவியட் போடுவது, முத்திரை வரி கட்டுவது. இவை நடக்கும் வழக்கமான காரியங்கள். நடக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டிருப்பது நம் காரியம்.

யாருடைய வழக்கறிஞர்?

தோழர்களே, இந்த ஒரு கேள்வியை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் நான் வந்த வேலை முடிந்தது என்று மகிழ்வேன். எந்த வழக்கறிஞர் முன் உட்கார்ந்தாலும், முதலில் கேளுங்கள்: "ஐயா, நீங்கள் யாருக்கு வழக்கறிஞர்?"

புதிதாகக் கட்டும் வீட்டை வீடமைப்பு நிறுவனத்திடம் வாங்கும்போது, "லாயர் செலவு இலவசம்" என்று விளம்பரம் செய்வார்கள். அந்த வழக்கறிஞர் நிறுவனத்தின் வழக்கறிஞர். 1976ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டத்தின் 84ஆம் பிரிவு, வீடமைப்பு நிறுவனத்துக்கு நிற்கும் வழக்கறிஞர் வாங்குகிறவருக்கும் நிற்கக் கூடாது என்கிறது. ஆக, அவர் இலவசமாகப் பத்திரம் நீட்டினாலும் உங்களுக்காக நிற்கவில்லை. சந்தேகம் வந்தால் கேட்க உங்களுக்கு ஒருவர் தனியே வேண்டும்.

பேங்குக் கடன் பத்திரத்துக்கு வரும் வழக்கறிஞர் பேங்குக்கு வழக்கறிஞர். அவருக்குக் கூலி கொடுப்பது நாம். அவர் காப்பது பேங்கை. இதிலே கோபப்பட ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பேங்குகள் தங்களுக்கென்று வழக்கறிஞர் பட்டியல் வைத்திருக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் வழக்கறிஞர் அந்தப் பட்டியலில் இருந்தால், இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடக்கும். காலமும் அலைச்சலும் குறையும். பேங்கு அதிகாரி ஒரு பெயரைச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். "எங்கள் ஊரில் யார் யார் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

பழைய வீடு வாங்கும்போது விற்கிறவருக்கும் நமக்கும் ஒரே வழக்கறிஞர் என்றால், சண்டை வரும் நாளில் அவர் யார் பக்கம் நிற்பார்? எங்கள் வழக்கறிஞர் எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

கட்டணம் எவ்வளவு?

நம்மவர் பலருக்கு வழக்கறிஞர் என்றாலே பயம். எவ்வளவு கேட்பாரோ என்ற பயம். கட்டணத்துக்கு விதி உண்டு. தீபகற்பத்தில் 2023 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ள கட்டண ஆணைப்படி, விலையில் முதல் 500,000 வெள்ளிக்கு ஒன்றேகால் விழுக்காடு. குறைந்தது 500 வெள்ளி. கடன் பத்திரத்துக்கும் அதே ஒன்றேகால் விழுக்காடு. அதன் மேல் சேவை வரி. 2024 மார்ச் முதல் எட்டு விழுக்காடு. வீடமைப்பு நிறுவனத்திடம் வாங்கும் புது வீட்டுக்கு வேறு கணக்கு. அது இதைவிடக் குறைவு.

முத்திரை வரி அரசாங்கத்துக்குப் போவது. பெயர் மாற்றத்துக்கு முதல் 100,000 வெள்ளிக்கு ஒரு விழுக்காடு; அடுத்த 400,000 வெள்ளிக்கு இரண்டு விழுக்காடு. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200,000 வெள்ளிக்குப் பழைய வீடு. பேங்குக் கடன் 180,000. ஒப்பந்தக் கட்டணம் 2,500. கடன் பத்திரக் கட்டணம் 2,250. இரண்டுக்கும் சேவை வரி 380. பெயர் மாற்ற முத்திரை 3,000. கடன் முத்திரை 900. ஆக மொத்தம் 9,030 வெள்ளி. தேடல் கட்டணம், பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவு இதற்கு மேல். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 வெள்ளி வரையில் முத்திரை வரி விலக்கு 2021 முதல் காலக்கெடு வைத்து வழங்கப்பட்டு வந்திருக்கிறது. கிடைத்தால் மேற்சொன்ன கணக்கில் 3,900 வெள்ளி மிச்சம். "எனக்கு இது முதல் வீடு. விலக்கு உண்டா?" என்று நீங்களே வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், அதிகம் கேட்பவரையும் அடையாளம் காணலாம். அளவுக்கு மீறி மலிவாகக் கூவி அழைப்பவரையும் அடையாளம் காணலாம். கட்டண விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். பணத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். குமாஸ்தா சட்டைப் பையிலும் வைக்காதீர்கள். வழக்கறிஞர் நிறுவனத்தின் கட்சிக்காரர் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத வெள்ளி ஆற்றில் போட்ட வெள்ளி.

கடனை வேறு பேங்குக்கு மாற்றுவோர் கவனிக்க

வீடு ஏற்கெனவே உள்ளவர்கள், மகளின் கல்யாணத்துக்கோ மகனின் படிப்புக்கோ, வட்டி குறைகிறது என்றோ, கடனை வேறு பேங்குக்கு மாற்றுகிறார்கள். இதில் வழக்கறிஞருக்கு வேலை குறைவு என்று எண்ணாதீர்கள். பழைய பேங்கிடம் பாக்கிக் கணக்கு வாங்க வேண்டும். புதுப் பேங்கு அதைக் கட்ட வேண்டும். பழைய அடமானத்தை நீக்கும் பாரமும் புது அடமானப் பாரமும் நில அலுவலகத்தில் சேர வேண்டும். இடையில் ஒருவர் தூங்கினால், பழைய கடனுக்கு வட்டி தூங்குமா? அது இரவும் பகலும் விழித்திருக்கும். ஆகவே, "பழைய கடன் தீர்ந்தது" என்று எழுத்தில் கிடைக்கும் வரையில் பழைய தவணையை நிறுத்தாதீர்கள்.

செலவையும் பாருங்கள். 150,000 வெள்ளிக் கடனை மாற்றினால் வழக்கறிஞர் கட்டணம் 1,875, சேவை வரி 150, முத்திரை 750, மொத்தம் 2,775 வெள்ளி. வீட்டை மதிப்பிடும் செலவு தனி. மாதம் 60 வெள்ளி மிச்சமாகும் என்று சொல்கிறார்கள் என்றால், போட்ட காசு திரும்பவே ஏறக்குறைய நாலு ஆண்டு ஆகும். "செலவு எல்லாம் எங்களுடையது" என்று பேங்கு சொன்னால், எத்தனை ஆண்டு விட்டுப் போகக் கூடாது, போனால் எவ்வளவு தண்டம் என்று கேளுங்கள். 2019இல் நானே என் தங்கையின் படிப்புக்காகக் கடனை மாற்றப் போனேன். மளிகைக் கடை மாடி அம்மையாரிடம்தான் போனேன். என் பழைய கடன் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "தண்டத்தைக் கட்டினால் உனக்கு மிச்சமில்லை; இன்னும் எட்டு மாதம் பொறுத்து வா" என்று திருப்பி அனுப்பினார். அன்றைக்கு என் கையெழுத்தை வாங்கியிருந்தால் அவருக்குக் கட்டணம் கிடைத்திருக்கும். வேண்டாம் என்றார். வந்த வேலையைத் தள்ளிப் போடத் துணிகிற வழக்கறிஞரைக் கண்டால் விடாதீர்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. பேங்கு கொடுக்கவில்லை என்று வட்டிக்காரனிடம் போய், கடன் பத்திரம் என்று எண்ணி வீட்டை விற்கும் ஒப்பந்தத்திலோ, முழு அதிகாரப் பத்திரத்திலோ கையெழுத்திட்டு, வீட்டை இழந்தவர்கள் உண்டு. தாய்மார்களே, புருஷன் நீட்டுகிறார் என்று நீங்களும் கையெழுத்திடாதீர்கள். என்ன பத்திரம், யார் எழுதியது, தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

சுருக்கமாகச் சொல்லுகிறேன். வழக்கறிஞர் ஆண்டுதோறும் தொழில் நடத்தும் சான்றிதழ் பெற வேண்டும். அவர் பெயர் நடப்பில் இருக்கிறதா என்று மலேசிய வழக்கறிஞர் மன்றத்தில் சரிபார்க்கலாம். ஆபீசில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். வழக்கு மன்றத்தில் முழங்குகிறவர் எல்லாம் நில வேலையில் தேர்ந்தவர் அல்லர், "இந்த ஆண்டு இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டுப் பெயர் மாற்றம் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அவரையே நேரில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்குவாரா என்று கேளுங்கள். தமிழரே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சீனரானாலும் மலாய்க்காரரானாலும் தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினால் போதும். தமிழராக இருந்தும் "கையெழுத்துப் போடு, பிறகு சொல்கிறேன்" என்பாரானால், எழுந்து வந்துவிடுங்கள். குத்தகை நிலமானால் அனுமதி கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக் கண்ணீர் உங்களுக்கு இந்த ஒரு வரியையாவது கற்றுக் கொடுக்கட்டும்.

தவறு நடந்துவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்காதீர்கள். வழக்கறிஞர் ஒழுங்கு வாரியம் என்று ஒன்று உண்டு. எழுத்து மூலம் புகார் செய்யலாம். வழக்கறிஞர் நேர்மையின்றிப் பணத்தைக் கையாடினால், சட்டத் தொழில் சட்டத்தின்படி அமைந்த இழப்பீட்டு நிதிக்கு மனுச் செய்யலாம். கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. மனுச் செய்யாதவருக்குக் கிடைக்காது என்பது மட்டும் உறுதி. நாங்கள் புகார் செய்யவில்லை. பெரிய மனிதரோடு நமக்கு ஏன் வம்பு என்றார் அப்பா. அந்த வழக்கறிஞரின் குமாஸ்தா அடுத்த தோட்டத்துக் காப்பிக் கடையில் போய் மேசையை விரித்திருப்பார். எங்கள் மௌனமும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சங்கம் செய்யக் கூடியது

தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், வேலையும் வீடும் ஒன்றாய்ப் போய்த் தொழிலாளர்கள் தெருவில் நின்றபோது, 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தனித்தனியே நின்றால் ஒரு முழ நிலம் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து நின்று தோட்டம் வாங்கினார்கள். அந்தப் பெருங்காரியத்துக்கு முன் நான் கேட்பது மிகச் சிறியது.

கிளைச் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வீடு வாங்கிய ஒவ்வொருவரும், எந்த வழக்கறிஞர், எத்தனை மாதம் ஆயிற்று, எவ்வளவு கட்டணம், ரசீது கொடுத்தாரா, கேட்டதற்குப் பதில் சொன்னாரா என்று உண்மையை மட்டும் எழுதட்டும். அடுத்து வாங்கப் போகிறவர் அதைப் படித்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது, யாரும் தனியாகப் போய்க் கையெழுத்திட வேண்டாம். படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. (கைதட்டல்.)

என் தகப்பனார் அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறார். வாசலில் இரண்டு முருங்கை மரம் வைத்திருக்கிறார். கிராண்டை வைத்திருக்கும் தகரப் பெட்டியில், அதன் கீழே, நான் தட்டெழுத்து அடித்த அந்த நோட்டீசையும் மடித்து வைத்திருக்கிறார். "அதை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன். "நீ மறந்துவிடக் கூடாது என்றுதான்" என்றார்.

மறக்கவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.